வெல்டிங்: டி மூட்டில் ஸ்லாக் மாட்டுது, மேல் பிளேட்டில் அண்டர்கட்டும் விழுது

கேள்வி:
6 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பிளேட், 3.15 மி.மீ. 6013 வெல்டிங் ராடு, இன்வெர்ட்டர் மெஷின், 90 ஆம்பியர். ஃபில்லட் (ரெண்டு பிளேட்டும் சேர்ற மூலையில போடுற வெல்டு) அடிச்சா பீடு (வெல்டு வரி) புடைச்சுக்கிட்டு நிக்குது. ஸ்லாக்கை (ராடு பூச்சு உருகி மேல உறையிற கசடு) தட்டினா மூலையில கறுப்புக் கோடு. நிக்கிற மேல் பிளேட்ல அண்டர்கட் (பீடு ஓரத்துல விழுற பள்ளம்) வேற. ஆம்பியரை இன்னும் குறைக்கணுமா? 7018 ராடுக்கு மாறினா சரியாகுமா?

பதில் 1:
குறைக்காதீங்க, ஏத்துங்க. டி மூட்டில் சூடு மூணு பக்கமும் ஓடிடும், பட் மூட்டை (பிளேட் ஓரங்களை நேருக்கு நேர் சேர்க்கிறது) விடக் கூடவே கேட்கும். 115-ல ஆரம்பிச்சு 125 வரை பாருங்க. ஆம்பியர் பத்தலைன்னா உலோகம் மூலைக்குள்ள இறங்காது, ஸ்லாக் முந்திக்கிட்டுப் போய் அங்க உக்காந்துக்கும். அதுதான் அந்தக் கோடு.

90-லயே அண்டர்கட் விழுதுன்னா ஆர்க் (ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவுல எரியிற மின்பொறி) நீளமா இருக்கு. நீண்ட ஆர்க் மேல் பிளேட்டை அரிக்கும், அந்தக் குழியை நிரப்ப வேண்டிய உலோகம் கீழ சரிஞ்சிடும். 6013-ஐப் பூச்சு விளிம்பு லேசா உரசுற மாதிரி வெச்சே இழுக்கலாம். ராடு எரிய எரிய கை உள்ள இறங்கிக்கிட்டே வரணும். பழகுறவங்க கை பக்கவாட்டுல மட்டும்தான் போகும். பீடோட முதல் பாதி நல்லா இருந்து பின் பாதி கெட்டுப்போகுதான்னு பாருங்க, அப்படின்னா இதேதான்.

ராடு ரெண்டு பிளேட்டுக்கும் நடுவுல 45 டிகிரி. ஹோல்டர் போற திசைப் பக்கமா 15–20 டிகிரி சாயணும். ஆட்ட வேண்டாம், நேரா இழுங்க.

பதில் 2:
வேகத்துக்கு ஒரு கணக்கு: 5 மி.மீ. கால் (மூலையில இருந்து பிளேட் மேல வெல்டு ஏறுற நீளம்) வேணும்னா, 350 மி.மீ. ராடுல 5 செ.மீ. கட்டை போக, தோராயமா 15 செ.மீ. பீடு வரணும். 10-லயே தீர்ந்தா ரொம்ப மெதுவாப் போறீங்க. மூலையில மில் ஸ்கேலை (பிளேட் மேல இருக்கிற கறுப்பு ஆக்சைடு தோல்) கிரைண்டர்ல எடுத்துடுங்க, எர்த் கிளாம்ப் கடிக்கிற இடத்துலயும்.

கேட்டவர்:
120-ல கோடு போயிடுச்சு, நன்றி. உள்ள பிடிச்சிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில் 3:
துண்டுப் பிளேட்ல ஒரு பக்கம் மட்டும் அடிச்சு ஆறவிடுங்க. வெல்டு இல்லாத பக்கத்துல இருந்து சம்மட்டியால அடிச்சு, நிக்கிற பிளேட்டை வெல்டு மேலயே மடக்குங்க. உடைஞ்ச முகத்துல மூலை வரைக்கும் சாம்பல் நிறத்துல மணிமணியா இருந்தா பிடிச்சிருக்கு. அடியில ஸ்லாக் பட்டையோ, பிளேட் ஓரம் உருகாம வெட்டினபடியோ தெரிஞ்சா பிடிக்கல. உடையாம மடங்கிட்டா கவலையே இல்ல.

7018 இப்போ வேண்டாம். ஈரம் இழுத்துட்டா 300 டிகிரிக்கு மேல காயவைக்கணும், பாதி எரிஞ்ச ராடை மறுபடி பத்தவைக்க நுனியில மூடியிருக்கிற கண்ணாடி ஸ்லாக்கை உடைக்கணும். இந்த ஜாப்புக்கு 6013 போதும்.