பழைய 78 ஆர்பிஎம் தட்டும் ‘ரீல் ட்யு பாந்த்யு’வும்: சுருதி சேரவில்லை, உதவுங்கள்

கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பழைய ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) இசையான ‘ரீல் ட்யு பாந்த்யு’ (தூக்கிலிடப்பட்டவனின் ரீல்; ரீல் என்பது வேகமான நடன மெட்டு) மூன்று மாதமாகப் பயில்கிறேன். தூக்குமேடைக் கைதியிடம் சுருதி கலைந்த ஃபிடிலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள் என்பது கதை. அதனால்தானோ என்னவோ, தந்திகளையே மாற்றிக் கட்ட வேண்டும்: தடித்த தந்தியிலிருந்து ஏ, ஈ, ஏ, சி ஷார்ப். நம்ம வயலினின் ச-ப-ச-ப இங்கே ச-ப-ச-க. வில்லை இழுத்தால் பெட்டி முழுவதும் அதிர்கிறது, அவ்வளவு அழகு!

சிக்கல் இதுதான். 1920களின் ஒரு 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) கிராமபோன் தட்டிலிருந்து எடுத்த டிஜிட்டல் பதிவோடு வாசித்தால், அது என் சுருதியைவிடக் கிட்டத்தட்ட அரை ஸ்வரம் மேலே நிற்கிறது. அதற்கேற்ப முறுக்கியதில் ஈ-க்கு ஏற்றிக் கட்டிய டி தந்தி (தடித்ததற்கு அடுத்தது) இரண்டு முறை அறுந்துவிட்டது. அப்புறம் மென்பொருளில் வேகத்தை 74 ஆர்பிஎம்முக்குக் குறைத்தேன். சுருதி சேர்ந்தது, ஆனால் பின்னால் கேட்கும், காலால் தாளம் தட்டும் ஓசை நடனத்துக்கு மந்தமாகத் தோன்றுகிறது. அக்காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் பதிவானவை அல்ல என்பது தெரியும். சுருதியை ஒப்பிட்டுப் பார்க்கத் துணைக்குப் பியானோவும் இல்லை, தனி ஃபிடில்தான்.

இப்படிப்பட்ட பதிவில் அசல் வேகத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?