பிரெய்ல் நோட்டேக்கரா, லேப்டாப்பா? பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக எது சரி?

நீடாமங்கலம் தமிழாசிரியை:
வணக்கம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மன்னார்குடி பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன், தினமும் பஸ். ரயில்வே கேட் போட்டுவிட்டால் வண்டி நின்றுவிடும். அந்த நேரத்தில் மறுநாள் பாடக்குறிப்பை எழுதிவிட ஆசை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் போட்ட லேப்டாப் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் ஓடும் பாட்டில் அதன் குரல் கேட்பதில்லை. ஹெட்போன் மாட்டினால் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது கேட்காது.

வகுப்பில்தான் பெரிய சிரமம். செய்யுளை நான் சொல்லும்போதே காதில் அது அடுத்த அடியைச் சொன்னால் இரண்டும் குழம்புகிறது. விரலில் அடி ஓடினால் வாய் தடுமாறாது. அதற்குத்தான் பிரெய்ல் நோட்டேக்கர், அதாவது புள்ளி எழுத்தில் எழுதவும் விரலால் தொட்டுப் படிக்கவும் உதவும் தனிக் கருவி. அப்பா குறுவைப் பணத்தில் வாங்கித் தருகிறேன் என்கிறார். அந்தக் காசு வீணாகக் கூடாது. அதை வாங்கலாமா, லேப்டாப்பே போதுமா?

கும்பகோணம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
அம்மா, நான் ஆறு வருடம் நோட்டேக்கர் வைத்திருந்தேன். பட்டனைத் தொட்டதும் எழுதலாம், அந்தச் சுகம் லேப்டாப்பில் இல்லை. ஆனால் நம்ம ஊர் வியர்வையும் தூசியும் அதற்கு ஆகாது. புள்ளிகள் எழும்பும் கட்டத்தைச் செல் என்பார்கள்; எட்டாவது செல்லில் 6-ம் புள்ளி எழும்பாமல் போயிற்று. பிரெய்லில் ழ என்பது 1-2-3-5-6 புள்ளிகள். ஆறு போனால் அது ர. அந்த இடத்தில் வந்த மழையெல்லாம் மரை ஆகிவிட்டது. பழுது பார்க்க அனுப்பி நான்கு மாதம் கையில் ஒன்றுமில்லாமல் இருந்தேன். விலையோ லட்சங்களில். உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டும் சீக்கிரம் பழசாகிவிடும். மார்க் பட்டியல், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் லேப்டாப்தான். என்விடிஏ இலவசம் வேறு.

தஞ்சாவூர் மாணவன்:
அக்கா, லேப்டாப்பை விடவேண்டாம். கூடவே ஒரு சின்ன பிரெய்ல் டிஸ்பிளே, அதாவது எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவி போதும். என்னிடம் ஆர்பிட் ரீடர் 20 இருக்கிறது. பாடத்தை எஸ்டி கார்டில் போட்டால் தனியாகவே படிக்கலாம், பெர்கின்ஸ் பிரெய்ல் தட்டச்சு இயந்திரம் மாதிரி விசையில் குறிப்பும் எழுதலாம். வீட்டுக்கு வந்து யுஎஸ்பியில் இணைத்தால் என்விடிஏ சொல்வது விரலிலும் வரும். ஒரு குறை: 20 செல்தான். நாற்சீர் அடி ஒன்று முழுசாக அடங்காது, பாதியில் பட்டனை அழுத்தித் தள்ளணும். புள்ளிகள் மாறும்போது சத்தமும் வரும். அமைதியான வகுப்பில் பிள்ளைகளுக்குக் கேட்கும்.

நீடாமங்கலம் தமிழாசிரியை:
ஐயா, அந்த மழை கதையைப் படித்ததும் நோட்டேக்கர் ஆசை போய்விட்டது. தம்பி, சத்தம் பரவாயில்லை, என் வகுப்பு அவ்வளவு அமைதி கிடையாது. அடி பாதியில் உடைவதுதான் யோசனையாக இருக்கிறது. சீர் பிரித்துச் சொல்லும் இடத்தில் விரல் நிற்கக் கூடாது. வாங்குவதற்கு முன் ஒரு வெண்பாவை அதில் தொட்டுப் படித்துப் பார்க்கணும். சனிக்கிழமை அப்பாவோடு வருகிறேன், கார்டில் போட்டு வைப்பாயா? பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கட்டுமா, புது பஸ் ஸ்டாண்டிலா?