ஹோண்டா எஸ்2000: இடப்பக்கக் கண்ணாடியை மாற்ற உதவி வேண்டும்

வணக்கம். நான் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருக்கிறேன். என்னிடம் 2002ஆம் ஆண்டு எஸ்2000 இருக்கிறது. நிமிடத்துக்கு 9000 சுற்று வரை தயங்காமல் ஏறும் அந்த எஞ்சினுக்காகவே பல வருடம் பணம் சேர்த்து வாங்கிய கார். போன வாரம் தெருவோரம் நிறுத்தியிருந்தபோது ஒரு வேன், பின்னால் வருவதைப் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போய்விட்டது.

கதவின் உட்புற முக்கோண மூடியைக் கழற்றிவிட்டேன். உள்ளே மூன்று போல்ட்டுகள். இரண்டு 10ஆம் எண் ஸ்பேனருக்கு எளிதாக வந்துவிட்டன. மூன்றாவது அசையவே இல்லை. அலுமினிய அடிப்பாகத்தில் எஃகு போல்ட் அரித்துப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு இரவு ஊறவிட்டும் பயனில்லை. சூடு காட்டினால் பெயிண்ட் கெட்டுவிடுமே என்று பயமாக இருக்கிறது. தலை முறியாமல் இதை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய இடப்பக்கக் கண்ணாடி மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அங்கே இடப்பக்கம் ஓட்டுநர் பக்கம். அங்கே ஓட்டுநர் பக்கத்தில் தட்டையான கண்ணாடிதான் இருக்கும். எனக்கு வேண்டியது குவிந்த கண்ணாடி. கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, என் பழைய கண்ணாடித் தகட்டை அதில் பொருத்த முடியுமா? தகடு நல்லவேளையாக உடையவில்லை. கண்ணாடியைத் திருப்பும் மோட்டார் வயரின் இணைப்பு இரண்டு நாட்டுக் கார்களிலும் ஒன்றுதானா?

செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.