லிஸ்ட் வியூவில் தொடர் சந்திப்பின் ஒரு நிகழ்வை மட்டும் திறப்பது எப்படி?

வணக்கம். சி ஷார்ப் நிரல்மொழியும், திரைச் சாளரங்களை அமைக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸும் கொண்டு எழுதிவரும் ஒரு செயலியில், அவுட்லுக் நாட்காட்டியின் ஒரு வாரச் சந்திப்புகளை லிஸ்ட் வியூவில் (வரிவரியாகக் காட்டும் பட்டியலில்) காட்டுகிறேன். நாட்காட்டிப் பதிவுகள் அடங்கிய ஐட்டம்ஸ் தொகுப்பை முதலில் தொடங்கும் நேரப்படி வரிசைப்படுத்தி, அதன் பிறகே, தொடர் சந்திப்பின் ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே தரும் இன்க்ளூட் ரிக்கரன்சஸ் பண்பை ட்ரூ ஆக்கி, ரெஸ்ட்ரிக்ட் என்ற வடிகட்டும் முறை மூலம் வாரத்தை வரையறுத்திருப்பதால், வாராந்திரக் கூட்டங்களும் அந்தந்த நாளில் சரியாகவே வருகின்றன. (இந்நிலையில் பதிவுகளின் எண்ணிக்கையாகக் கவுன்ட் தரும் எண்ணை நம்ப முடியாது என்பதால், பதிவுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் ஈச் கொண்டே சுற்றுகிறேன்.)

வரியை இருமுறை சொடுக்கும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு வரியிலும் கூடுதல் தகவல் வைக்க உதவும் டேக் பண்பில், சந்திப்பின் அடையாளக் குறியான என்ட்ரி ஐடியை வைத்திருக்கிறேன்; ஒரு தொடரின் நிகழ்வுகள் அனைத்துக்கும் அது ஒன்றே என்பதால், செவ்வாய்க்கிழமை 10.30 மணிக் கூட்டத்தைச் சொடுக்கினாலும் தொடரின் மூலப் பதிவே திறக்கிறது. தொடங்கும் நேரத்தையும் சேர்த்து வைத்து, அந்த நேரத்துக்குரிய நிகழ்வைத் தரும் கெட் அக்கரன்ஸ் முறையை அழைத்தால் சரியான நிகழ்வு கிடைக்கிறது. ஆனால், பட்டியல் நிரம்பிய பிறகு பயனர் அந்த ஒரு கூட்டத்தை மட்டும் அவுட்லுக்கில் 11.30க்கு நகர்த்திவிட்டால், பழைய நேரத்தில் நிகழ்வு இல்லாததால் பிழை எழுகிறது.

தொடரில் தனியே மாற்றப்பட்ட நிகழ்வுகள் அடங்கிய எக்ஸெப்ஷன்ஸ் தொகுப்பில், மாற்றத்துக்கு முந்தைய தேதியான ஒரிஜினல் டேட்டை ஒப்பிட்டுத் தேடுவது நல்லதா, அல்லது ஒரு பதிவு மாறியதைத் தெரிவிக்கும் ஐட்டம் சேஞ்ச் ஈவன்ட் வரும்போதெல்லாம் பட்டியலை மீண்டும் நிரப்புவது நல்லதா? சந்திப்புப் பொருள்களையே டேக்கில் பிடித்து வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் வழிமுறையைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.