101 ப்ரூஃப் பர்பன்: ருசியா, வெறும் எரிச்சலா?

கரிப்பீப்பாய்:
வைல்டு டர்க்கி 101. பர்பன், அதாவது பெரும்பாலும் சோளத்துல செய்யற அமெரிக்க விஸ்கி. ஆல்கஹால் 50.5%. (அமெரிக்காவுல ப்ரூஃப்னா சதவீதத்தோட ரெண்டு மடங்கு, அவ்ளோதான்.) இந்த விலைக்கு இதைவிட விஷயமுள்ள பாட்டில் கென்டக்கி மாநிலத்துல கம்மி. மாத்துக் கருத்து இருந்தா வாங்க.

நிதானமணி:
வந்துட்டேன். மூக்கைக் கொண்டுபோனாலே நெடி கண்ணுல ஏறுது. முதல் மடக்குல தொண்டை எரியுது. இதுல வெனிலா, கேரமல்லாம் எங்கேருந்துய்யா கண்டுபிடிக்கிறீங்க? 81 ப்ரூஃப் வைல்டு டர்க்கியும்தான் இருக்கு. எரிச்சலுக்குத் தனியா காசு கொடுக்கணுமா?

கரிப்பீப்பாய்:
பாட்டில்ல அடைக்கிறதுக்கு முன்னாடி எவ்ளோ தண்ணி ஊத்தினான்ங்கறதுதான் விஷயமே. லேபிள்ல ‘கென்டக்கி ஸ்ட்ரெய்ட் பர்பன்’னு போட்டா தண்ணியைத் தவிர வேற எதுவும் சேர்க்கக் கூடாது, கலர்கூட. நீங்க தேடுற வெனிலா, உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாயிலேருந்து வருது. தண்ணி ஏற ஏற அதுவும் சேர்ந்து நீர்த்துப்போகும். பீப்பாயில ஊத்தும்போது 125 ப்ரூஃப் வரைக்கும் சட்டம் விடுது, வைல்டு டர்க்கிக்காரங்க 115லயே ஊத்துறாங்க. கடைசியில கலக்குற தண்ணி கம்மி.

எரிச்சல் குடிக்கிற முறையில இருக்கு. கிளாஸுக்குள்ள மூக்கை விடாதீங்க. வாயை லேசாத் திறந்து வெச்சுக்கிட்டு விளிம்புக்கு மேலேருந்து மோந்து பாருங்க. முதல் வாய் நாக்கு பழகுறதுக்கு, அதை வெச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க. ரெண்டாவது வாயில மிளகு, லவங்கப்பட்டை, அப்புறம் கருகின சர்க்கரை. அதுக்கப்புறம் அரை ஸ்பூன் தண்ணி விட்டுப் பாருங்க.

நிதானமணி:
ஆக, நீங்களும் தண்ணிதான் ஊத்தச் சொல்றீங்க! கம்பெனிக்காரன் ஊத்தினா குத்தம், நீங்க ஊத்தினா ரசனையா? 2017ல ஸ்வீடன்ல ஒரு ஆய்வு வந்துச்சு. புகை வாசனை தர்ற குவாயக்கால்ங்கற மூலக்கூறு, ஆல்கஹால் 45% வரைக்கும் இருந்தா திரவத்தோட மேற்பரப்புல நிக்குது, வாசனை மூக்குக்கு எட்டுது; 59% தாண்டினா ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளயே வெச்சுக்குது.

சோளக்கொல்லை:
அது கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்த கணக்கு, அதுவும் ஒரே ஒரு மூலக்கூறுக்கு. 101ல இருக்கிற 50.5% அந்த 59ஐத் தொடவும் இல்ல. நம்ம கணக்கைப் பாருங்க: 750 மில்லி 101ஐ 40%க்கு இறக்கினா சுமார் 945 மில்லி. விலை வித்தியாசத்துல ஒரு பங்கு இதுலயே அடைஞ்சிடும்.

டர்க்கியோட நின்னுடாதீங்க. எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் 100 ப்ரூஃப், ‘பாட்டில்ட் இன் பாண்ட்’. கலப்படத்தைத் தடுக்க 1897ல வந்த சட்டம் அது: ஒரே டிஸ்டில்லரி, ஒரே சீசன், குறைஞ்சது நாலு வருஷம் பீப்பாயில. காரம் வேணும்னா ஓல்டு கிராண்ட்-டேட் 114, அதுல ரை தானியம் தூக்கல்.

நிதானமணி:
114ஆ? ஆளை விடுங்க சாமி. ஓல்டு ஃபேஷன்டு காக்டெயிலுக்கு 101 சரி, ஐஸ் உருகினாலும் ருசி நிக்கும். சும்மா குடிக்க 81தான். இன்னொண்ணு, நீங்க ஊத்துற 60 மில்லி என் 81 ப்ரூஃப் கணக்குல 75 மில்லி. அதை மறந்துட்டு ‘ரெண்டே பெக்தான்’னு வீட்ல சொல்றவங்க இங்க எத்தனை பேரு?

கரிப்பீப்பாய்:
வீட்டை இழுக்காதீங்க. அரை ஸ்பூன் விட்டுப் பார்த்தீங்களா, இல்லையா?