குக்ஸ் கார்னர்: மலையடிவாரத்து பைக்கர் பாரும் ஞாயிறு மதியப் பாட்டும்

ஒரகடத்தான்:

தெற்கு கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் குக்ஸ் கார்னரைக் காரில் கடந்து போயிருப்பார்கள். ஆரஞ்சு கவுண்டியின் கிழக்கு ஓரம். எல் டோரோ ரோடும் சான்டியாகோ கேன்யன் ரோடும் லைவ் ஓக் கேன்யன் ரோடும் சந்திக்கிற முக்கு. வாசலில் வரிசையாக ஹார்லி டேவிட்சன் பைக்குகள், தோல் ஜாக்கெட்டுகள், நெஞ்சு வரை தாடி, கழுத்து வரை பச்சை. 'நமக்கு எதுக்கு வம்பு' என்று என் ஆபீஸ் நண்பர்கள் அந்த முக்கில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். நான் கொஞ்ச காலமாக ஞாயிறு மதியங்களில் அங்கே போய்க்கொண்டிருக்கிறேன். பந்திக்கு முந்துகிற நம் கல்யாண மண்டபங்களை விட அங்கே தள்ளுமுள்ளு குறைவு.

என் வண்டி ராயல் என்ஃபீல்டின் 650 ட்வின், இரட்டை சிலிண்டர் பைக். ஆரஞ்சு நகரப் பக்கமிருந்து சான்டியாகோ கேன்யன் ரோட்டைப் பிடித்தால் இர்வைன் ஏரி வரும், அப்புறம் சில்வராடோ, மொஜெஸ்கா பள்ளத்தாக்குகளுக்குப் பிரியும் பாதைகள். சுமார் 20 கி.மீ. வளைவும் மேடும் பள்ளமுமாகப் போகும். இடப்பக்கம் சேடில்பேக் என்கிற இரட்டைச் சிகரம் கூடவே வரும். அதில் உயரமானது சான்டியாகோ சிகரம், 1,734 மீட்டர். பைக்காரர்கள் இங்கே கூடுவதற்கு பாரை விட இந்த ரோடுதான் முதல் காரணம் என்பது என் கட்சி. இப்படி ஒரு ரோடு முடிகிற இடத்தில் நிழலும் பீரும் இருந்தால் கூட்டத்தை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

கட்டடம் பார்க்க அப்படியொன்றும் பிரமாதம் இல்லை. நீளமான, தாழ்ந்த கூடம். குக் குடும்பத்திடம் இந்த நிலம் 1884இல் வந்தது. 1926இல் இங்கிருந்த மரவீட்டைச் சாப்பாட்டுக் கடையாக்கினார்கள். 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியதும் பார் ஆனது. போர் முடிந்தபின், 1946இல், சான்டா ஆனா ராணுவ விமானத் தளத்தில் இருந்த சாப்பாட்டுக் கூடத்தை விலைக்கு வாங்கி, பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். சிப்பாய்கள் தட்டேந்தி வரிசையில் நின்ற கூடத்தில்தான் இப்போது பீர் ஊற்றுகிறார்கள். 1970களில் பைக் தொழிலில் இருந்த இரண்டு பேர் கைக்கு வந்தபிறகு முழுக்க பைக்கர் இடமாகிவிட்டது.

உள்ளே போகிறவர்களை விட வெளியே வண்டிகளுக்கு நடுவில் நிற்கிறவர்கள்தான் அதிகம். எல்லா வண்டியும் பின்சக்கரம் உள்ளே, முகம் ரோட்டைப் பார்த்து நிற்கும். கிளம்பும்போது அப்படியே கிளம்பலாம். வெயிலில் தார் இளகினால் பக்க ஸ்டாண்ட் உள்ளே இறங்கி வண்டி சாய்ந்துவிடும் என்று நசுக்கின பீர் டப்பாவை அடியில் கொடுப்பார்கள். அடுத்தவர் வண்டியைத் தொடக் கூடாது. எழுதிப் போடாத சட்டம் இது ஒன்றுதான். ஊரில் புல்லட்டைப் பார்த்ததும் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலை முறுக்கிப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். கேட்டால் விட மாட்டார்கள்.

ஒரு ஞாயிறு, பக்கத்தில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர். 1970களின் ஷவல்ஹெட் எஞ்சின் வைத்த ஹார்லி. எஞ்சினுக்கு அடியில் பீட்சா அட்டையைக் கிழித்துப் போட்டிருந்தார், அதில் நாலைந்து சொட்டு எண்ணெய். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஒழுகவில்லை என்றால்தான் கவலைப்படணும், உள்ளே எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம்" என்றார். ஹார்லிக்காரர்களின் அரதப் பழசான ஜோக். இருந்தாலும் அவர் சொன்னபோது சிரிப்பு வந்தது. என் டாங்கைப் பார்த்து, "இங்கிலீஷ் வண்டியா?" என்றார். சென்னை என்றேன். நம்பவில்லை. 1955இலேயே மெட்ராஸில் புல்லட் செய்ய ஆரம்பித்தது, திருவொற்றியூர் தொழிற்சாலை, இங்கிலாந்துக் கம்பெனி கதவை மூடியபிறகும் நம்மூரில் உற்பத்தி நிற்காதது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "270 டிகிரி கிராங்க்" என்றார். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற தண்டுதான் கிராங்க்; என் வண்டியில் இரண்டு பிஸ்டனும் அதில் 270 டிகிரி தள்ளி இருப்பதைச் சத்தத்தை வைத்தே சரியாகச் சொல்லிவிட்டார்!

அப்புறம் தன் வண்டிச் சத்தத்தின் ரகசியத்தை மேஜைமேல் தட்டிக் காட்டினார். 45 டிகிரியில் விரிந்த இரண்டு சிலிண்டர், இரண்டு பிஸ்டனும் கிராங்கோடு சேர்வது ஒரே பின்னில். அதனால் வெடிப்பு சமமான இடைவெளியில் விழாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிராங்க் சுழல்வது 315 டிகிரி, பிறகு 405 டிகிரி. டக்-டக், கொஞ்சம் விட்டு டக்-டக். நம் பழைய புல்லட் ஒற்றை சிலிண்டர், நிதானமாக ஒவ்வொன்றாகத் தட்டும். இது நொண்டிக்கொண்டே ஓடும். நானும் புல்லட் தாளத்தைத் தட்டிக் காட்டினேன். இரண்டு பேரும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்ததை அடுத்த மேஜைக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

மேடையில் நாலு பேர், எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. எழுபதுகளின் ராக், நடுநடுவே ப்ளூஸ், கொஞ்சம் கன்ட்ரி. உலகத்தரம் என்று சொல்ல மாட்டேன். பாடகர் இரண்டாவது சரணத்தை மறந்தபோது பார்க்கிங்கிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். கிட்டார்க்காரர் தனி ஆவர்த்தனத்தில் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து வெளியே ஒரு ஹார்லி கிளம்பியது. அவர் வாசிப்பதை நிறுத்தி, வண்டி போகிற வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். அரங்கில் டிக்கெட் வாங்கிக் கேட்கிற கச்சேரியில் எனக்கு இந்த சுகம் கிடைத்ததில்லை. இங்கே யாரும் வாயை மூடிக்கொண்டு கேட்பதில்லை, ஆனால் பாட்டு எல்லார் காதிலும் இருக்கிறது. வாசிக்கிறவர்களுக்காக வைத்த வாளியில் ஆளாளுக்கு ஒன்றோ ஐந்தோ டாலர் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

குடி பற்றிக் கேட்பீர்கள். கலிஃபோர்னியாவில் ரத்தத்தில் 0.08 சதவீதம் தொட்டால் கைவிலங்கு. இவர்கள் திரும்பிப் போக வேண்டியதும் அதே வளைவு ரோடு. ஒரே பீரை மதியம் முழுக்க வைத்திருப்பவர்களையும் கோக் குடிக்கும் தாடிக்காரர்களையும் நிறையப் பார்க்கலாம். ஜாக்கெட் முதுகில் பைக்கர் கிளப் முத்திரை தைத்தவர்கள் வந்தால் மட்டும் போட்டோ எடுக்காமல் ஒதுங்கியிருப்பது நல்லது. நம் பயமும் சும்மா வந்ததில்லை. 1947இல் ஹாலிஸ்டரில் பைக்காரர்கள் பண்ணிய ரகளை பத்திரிகைகளில் பெரிதாக வந்தது, மறு வருடம் ஃபான்டானாவில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற முரட்டு பைக்கர் கிளப் ஆரம்பமானது. இரண்டு ஊரும் இதே மாநிலம். ஆனால் ஞாயிறு மதியம் உங்கள் பக்கத்தில் உட்காரப் போகிறவர் பெரும்பாலும் ரிட்டயர்ட் பிளம்பர்.

தேன்சிட்டு:

லேக் ஃபாரஸ்டில் இருக்கிறோம். எங்களுக்கு அது பக்கத்துக் கடை மாதிரி. வாரநாளில் நானும் வீட்டுக்காரரும் பையனோடு போயிருக்கிறோம், பைக் கிடையாது, பழைய கொரோலாதான். யாரும் ஏற இறங்கப் பார்த்ததில்லை. கை கழுவப் போன இடத்தில் ஒரு நர்ஸ் அம்மா பேச்சுக் கொடுத்தார். நைட் டியூட்டி முடித்து நேராக வண்டியில் வந்திருந்தார். பைக் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை என்று சொன்னதும் தன் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டிப் பார்த்து, "வண்டி அப்புறம் வாங்கு, முதலில் உன் அளவுக்கு இதை வாங்கு" என்றார்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. அப்போது புதன் என்றால் அங்கே ஸ்பகெட்டி இரவு, எட்டு டாலர், பேண்ட் வாசிக்கும். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் பிரிந்துபோன மனைவியைத் தேடி வந்து சுட்டார். மூன்று பேர் இறந்தார்கள், ஆறு பேருக்குக் காயம், அவரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. எங்கள் வீட்டுக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. பையன் தூங்கவில்லை. அடுத்த நாள் எல்லார் வாயிலும் 'பைக்கர் பாரில் துப்பாக்கிச்சூடு' என்ற தலைப்புதான். எனக்கு அதில்தான் கோபம். அந்தக் குடும்பத் தகராறுக்கும் பைக்காரர்களுக்கும் என்ன சம்பந்தம்? உயிர்போனதும் அந்தக் கூட்டத்தில்தான். கடை மறுபடி திறந்தபோது வாசலில் பூவும் மெழுகுவர்த்தியும் மலையாகக் கிடந்தன. பழைய ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், பாட்டும் இருந்தது. நாங்கள் கொஞ்ச நாள் கழித்துத்தான் போனோம்.

வெம்பிளி வாசி:

லண்டனில் இருந்து ஒரு குறிப்பு. எங்கட சனம் கிழமைக்குக் கிழமை வெம்பிளிக்கு மரக்கறி வாங்க வருகுது, பக்கத்தில நோர்த் சேர்க்குலர் ரோட்டில பைக்காரர் கூடுற ஏஸ் கஃபே இருக்கிறதை எட்டியும் பார்க்கிறதில்லை. 1938இல லொறிச் சாரதிகளுக்காகத் திறந்த கடை. போரில குண்டு விழுந்து, 1949இல திரும்பக் கட்டினது. 1969இல மூடி, 2001இல மறுபடி திறந்தினம். ஜூக்பாக்ஸில காசைப் போட்டுப்போட்டு, பாட்டு முடியிறதுக்குள்ள பைக்கில ஒரு சுற்று ஓடிவந்து நிற்கிற பந்தயம் அந்தக் காலத்துப் பெடியளின்ர விளையாட்டு எண்டு சொல்லுவினம். இப்ப அப்படி ஒண்டும் இல்லை. நான் மகனோட போய் பிளேன்டீ கேட்டன், பால் விட்டுத்தான் தந்தவை.

ஒரகடத்தான்:

தேன்சிட்டு, அன்று இரவு நான் ஊரில் இல்லை, அதனால்தான் அதைப் பற்றி எழுதவில்லை. தலைப்பைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: கார் நிறுத்தவும் இடம் உண்டு, ஆனால் பைக் வரிசைக்குள் நுழைக்காதீர்கள். வாளியில் போடச் சில்லறை நோட்டு எடுத்துப் போங்கள். போகும்போது லைவ் ஓக் கேன்யன் வழியாகப் போங்கள், ஓக் மரங்கள் ரோட்டுக்கு மேலே கூடாரம் போட்டிருக்கும். இருட்டினால் மான் குறுக்கே வரும், மெதுவாக.