புதுப்பிப்பு: 400 பீமுடன் 250 பீம் இணைப்பு
400 மிமீ உயர I வடிவ எஃகு பீமின் முனையில் 250 மிமீ பீமை, மேல்மட்டம் ஒன்றாக வரும்படி எப்படி வெல்ட் செய்வது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். சிங்கப்பூர் துவாஸ் யார்டில் வேலை முடிந்தது.

மேல் ஃபிளாஞ்சுகள் (பீமின் மேலும் கீழும் உள்ள படுக்கைத் தகடுகள்தான் ஃபிளாஞ்ச்) நேருக்கு நேர் சேர்வதால் அங்கே சிக்கலே இல்லை. கீழேதான் கவலை. சின்ன பீமின் கீழ் ஃபிளாஞ்ச் பெரிய பீமின் வெப்பில் (நடுவே நிற்கும் செங்குத்துத் தகடு) முட்டி நின்றுவிடுகிறது. அந்த விசையை மெல்லிய வெப் தனியாகத் தாங்காது. அண்ணன் ஒருவர் இங்கே சொன்னதையே எங்கள் இன்ஜினியரும் வரைந்து தந்தார்: அதே மட்டத்தில் வெப்பின் இருபுறமும் ஸ்டிஃப்னர் (வலுவூட்டும்) தகடு, பெரிய பீமின் நீளவாக்கில் உள்ளே நன்றாக நீட்டி. விசை அந்த நீளம் முழுக்கப் பரவி வெப்புக்குள் இறங்கும்.

அப்புறம், வெல்ட் ஆறியதும் உடனே அல்ட்ராசானிக் சோதனை (ஒலியலையால் உள்ளே குறை தேடுவது) பார்க்கவில்லை, இரண்டு நாள் விட்டோம். வெல்டுக்குள் சேர்ந்த ஹைட்ரஜனால் வரும் விரிசல் தாமதமாகத்தான் வரும். குறை எதுவும் இல்லை. உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.